பட்கஸா, சிங்கிள்டரியா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் லைன்பேக்கர் (தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியைத் தடுப்பவர்) ஆட்டம் பழக யாருடைய ஆட்டத்தை முதலில் பார்ப்பது என்று பலர் தடுமாறுகிறார்கள்.

கல்லூரி: டிக் பட்கஸ், இல்லினாய், 1962–64. மைக் சிங்கிள்டரி, பெய்லர், 1977–80.

உழைப்பு: பட்கஸ் தற்காப்பில் லைன்பேக்கர், தாக்குதலில் சென்டர் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர்), இரு பக்கமும் ஆடினார். 1964 ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது) வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தார். லைன்பேக்கருக்கு அது மிக அபூர்வம். சிங்கிள்டரி 662 டாக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது)!

கல்லூரி ஹால் ஆஃப் ஃபேம் (சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்): பட்கஸ் 1983, சிங்கிள்டரி 1995.

இருவரையும் பின்னர் எடுத்துக்கொண்டது சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிதான்.

மோதலின் வேகம் பிடிக்க பட்கஸ். எதிரணியின் நகர்வை முன்கூட்டியே கணிக்க சிங்கிள்டரி. இளம் ஆட்டக்காரர்களுக்கு நான் சிங்கிள்டரியையே சொல்வேன்.