வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம்: போனில் பேசியே நாளைக் கடத்துகிறார்கள், உஷார்

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. மடிப்பாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, மர அலமாரி எல்லாம் போச்சு. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருந்ததால், தண்ணீர் வடிவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டோம்.

சேதத்தை மதிப்பிட வேண்டிய சர்வேயர் வருவதாகவே தெரியவில்லை. பிளைவுட் உப்பி, பூசணம் பூத்து, வீடே நாறியது. “சர்வே முடியாம எதையும் தூக்கிப் போடாதீங்க” என்று கால் சென்டரில் கறாராகச் சொன்னார்கள். ஒருவழியாக வந்தவர் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்புறம் போன் மேல் போன். முதலில் ஃப்ரிட்ஜ் பில் கேட்டார்கள். அனுப்பினால் வாஷிங் மெஷின் பில். அதையும் கொடுத்தால் வீட்டு வரி ரசீது. எதையும் எழுத்தில் கேட்கவில்லை. கடைசியில் ஒரு எஸ்எம்எஸ்: ஆவணங்கள் வராததால் கிளெய்ம் மூடப்பட்டது!

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர் (சுற்றறிக்கை) இதற்கெல்லாம் கெடு வைத்திருக்கிறது. தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக கிளெய்மை நிராகரிக்கவும் கூடாது. ஏஜென்டிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் பேப்பர்ல தான் சார்” என்று சிரித்தார்.

கிளெய்ம் எண், தகவல் சொன்ன தேதி, சர்வேயர் வந்த தேதி, அந்த எஸ்எம்எஸ் படம் எல்லாவற்றையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். ஐஆர்டிஏஐயின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் புகாரைப் பதிவு செய்தேன். மூடிய ஃபைல் தானாகத் திறந்துகொண்டது.

உங்களுக்கும் போனில் ஏதாவது கேட்டால், “இன்று இதைக் கேட்டீர்கள், இதோ இணைத்திருக்கிறேன்” என்று உடனே மெயிலில் போட்டுவிடுங்கள். யார் தாமதம் என்று பிறகு வாதாட அதுதான் உதவும். புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அண்ணா சாலையில் தேனாம்பேட்டை பக்கம் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனியின் பதில் வந்ததிலிருந்து, பதிலே இல்லையென்றால் அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து, ஓராண்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பணம் வந்துவிட்டது, தேய்மானம் என்று ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டு. முழுதாகப் போன பொருளுக்கு அதேபோல் இன்னொன்று வாங்கும் விலை தர வேண்டும் என்பது அவர்கள் பாலிசியிலேயே இருக்கிறது. பிடித்த தொகையைக் கேட்டு நான் போட்ட மனு இப்போது ஓம்பட்ஸ்மேனிடம்.