ஜெஃப் மின்டரின் பழைய கேம்கள்: பத்து வருடம் ஆடிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த விளையாட்டுகளோடு சின்ன வயசு ஞாபகம் என்று எதுவும் கிடையாது. 1983 வாக்கில் இங்கிலாந்தில் வீட்டில் கமோடோர் 64 என்ற கம்ப்யூட்டர் வைத்திருந்த பையன்கள் கேசட்டைப் போட்டுவிட்டு, லோடு ஆகும்வரை நிமிடக்கணக்கில் காத்திருந்து ஆடியவை இவை. நான் அந்த மெஷினைத் தொட்டதுகூட இல்லை. சுமார் பத்து வருடத்துக்கு முன், வேலை மாறுவதற்கு நடுவே கிடைத்த இரண்டு மாத இடைவெளியில், லேப்டாப்பில் வைஸ் எமுலேட்டரை (பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஏற்றி, சும்மா பார்ப்போமே என்று கிரிட்ரன்னர் என்ற கேமைத் திறந்தேன். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் "ஆஹா, அந்தக் காலம்!" என்ற பெருமூச்சு இல்லாமல், இதில் எது இன்னும் ஓடுகிறது, எது சலித்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஜெஃப் மின்டர் 1982-ல், இருபது வயதில், அம்மாவின் துணையோடு லாமாசாஃப்ட் என்று ஒரு கேம் கம்பெனியைத் தொடங்கினார். புரோகிராம் எழுதியது, படம் வரைந்தது, சத்தம் சேர்த்தது எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரே. ஆர்கேடில் காசு போட்டு ஆடிய விளையாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் பாணியில் திரும்பச் செய்வதுதான் ஆரம்பம். அந்தப் பாணி என்னவென்றால் லாமா (தென் அமெரிக்காவின் ஒட்டக இன விலங்கு), ஒட்டகம், ஆடு. டிஃபெண்டர் என்ற ஆர்கேட் கேமைப் பார்த்துச் செய்த ஆண்டீஸ் அட்டாக்கில் மனிதர்களைக் காப்பாற்றுவதற்குப் பதில் லாமாக்களைக் காப்பாற்ற வேண்டும். வேடிக்கைக்கு என்று நினைத்தேன், இல்லை. மனிதர் இப்போதும் வேல்ஸில் செம்மறியும் லாமாவும் வளர்த்துக்கொண்டு கேம் எழுதுகிறார்.

சரி, கிரிட்ரன்னர். விக்-20 என்ற கம்ப்யூட்டரில் மொத்த நினைவகமே 5 கேபி, அதில் நமக்கு மிஞ்சுவது மூன்றரை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கம் படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் மின்டர் ஒரு வாரத்தில் எழுதி முடித்த விளையாட்டு இது. அடாரி கம்பெனியின் சென்டிபீட் என்ற ஆர்கேட் கேம்தான் அடிப்படை: பூரான் மாதிரி ஒரு சங்கிலி மேலிருந்து நெளிந்து நெளிந்து இறங்கும், கீழே கட்டங்களுக்குள் நகரும் நம் கப்பல் அதைச் சுடும். சுடப்பட்ட துண்டு அந்த இடத்திலேயே ஒரு முளையாக நின்றுவிடும். அந்த முளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்து, ஒரு கட்டத்தில் குண்டாக நம் தலைமேல் விழும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு சுட்டுத்தள்ளினால் நமக்கு நாமே வெட்டிக்கொள்ளும் குழி. போதாததற்கு இடது ஓரத்தில் ஒரு துப்பாக்கி மேலும் கீழுமாக, அடி ஓரத்தில் இன்னொன்று பக்கவாட்டில். இரண்டும் அவ்வப்போது சுடும், கோடுகள் சந்திக்கும் இடத்தில் இன்னொரு முளை. இவ்வளவுதான் விதி. முதல் மாதம் சங்கிலியை மட்டும் பார்த்துக்கொண்டு செத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் எந்த முளை பழுக்கப் போகிறது என்பது கண்ணில் படத் தொடங்கியது. இன்றும் ஐந்து நிமிடம் கிடைத்தால் நான் திறப்பது இதைத்தான், செல்போனில் இருக்கும் எந்தக் கேமையும் அல்ல.

அட்டாக் ஆஃப் தி மியூட்டண்ட் கேமல்ஸ் பெயர் பெற்ற ஒன்று, 1983. ஸ்டார் வார்ஸ் படத்தில் பனியில் நடந்துவரும் அந்த நான்கு கால் ராட்சச இயந்திரங்களை வைத்து அடாரி 2600 என்ற வீட்டுக் கேம் மெஷினுக்கு வந்த கேமை எடுத்து, இயந்திரம் இருந்த இடத்தில் ஒட்டகத்தை வைத்துவிட்டார். பார்த்த உடன் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், சிரிப்பு அடங்கிய பிறகு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒட்டகத்தைச் சுட வேண்டும், மறுபடி சுட வேண்டும், அது நிறம் மாறும், இன்னும் சுட வேண்டும். பத்து வருடத்தில் மொத்தமாக ஒரு மணி நேரம் ஆடியிருப்பேனா என்பது சந்தேகம். அடுத்த வருடம் வந்த ரிவெஞ்ச் ஆஃப் தி மியூட்டண்ட் கேமல்ஸ் தேவலாம். அதில் நாமே ஒட்டகம், 42 அலைகளாக என்னென்னவோ வந்து தாக்கும். அடுத்து என்ன கூத்து வரப்போகிறது என்று பார்ப்பதற்காகவே ஆடலாம்.

வீட்டில் உண்மையாக ஹிட் ஆனது ஹோவர் பாவர். பக்கத்து வீட்டு ஜிம்மிடமிருந்து புல்வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நம் தோட்டத்துப் புல்லை வெட்ட வேண்டும். ஜிம் அதைப் பிடுங்கத் துரத்துவார். பட்டனை அழுத்தினால் நம் நாய் ரோவர் அவர்மேல் பாயும். அதற்காக நாயை ஓயாமல் ஏவவும் முடியாது, அதற்கும் அளவு உண்டு, பொறுமை போனால் மெஷின் மீதே பாய்ந்துவிடும். பூப்பாத்தியில் ஏறினால் தோட்டக்காரர் வருவார். ரொம்ப நேரம் ஓட்டினால் மெஷின் சூடாகி நின்றுவிடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும், ஜிம் காத்திருக்க மாட்டார். என் பையன் முதல் நாளே கேட்டான், "ஏம்பா, அந்த மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுதே?" என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டு ஏணி மூன்று மாதமாக எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்தது.

இதில் ஒரு சொந்தக் கூத்தும் உண்டு. பின்னணியில் ஓடும் ஆங்கில நாட்டுப்புற மெட்டு ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடுகிறது, ஜிம் ஏன் இவ்வளவு வேகம் என்று இரண்டு வருடம் யோசித்தேன். கடைசியில் பார்த்தால் எமுலேட்டரை அமெரிக்க டிவி கணக்கில், நொடிக்கு 60 தடவை திரை மாறும்படி வைத்திருக்கிறேன். பிரிட்டிஷ் டிவிக்கு 50. அதை மாற்றியதும் ஜிம் வயசான மனிதர்போல நிதானமாக வரத் தொடங்கினார். புதிதாக ஏற்றுகிறவர்கள் முதல் வேலையாக இதைச் சரிபாருங்கள். அப்புறம் ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள், கமோடோர் 64-ல் போர்ட் ஒன்று, போர்ட் இரண்டு என்று இருக்கிறது, மாற்றிப் பாருங்கள். நான் நன்றாக இருந்த ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கைப் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்த ஆள்.

லாமாட்ரான் கொஞ்சம் பிந்தியது, 1991, அடாரி எஸ்டி, அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களின் காலம். ரோபோட்ரான் என்ற ஆர்கேட் கேமின் வாரிசு. முழு விளையாட்டையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் 5 பவுண்டு அனுப்புங்கள் என்று சொன்னார், ஜனங்களும் அனுப்பினார்கள். நான்கு பக்கமும் எதிரிகள் மொய்க்க, நடுவில் ஒரு லாமா. தனியாக ஆடுகிறவர்களுக்குக் கூடவே சுற்றிச் சுடும் உதவியாள் ஒன்றையும் வைத்திருக்கிறார், அதுவும் கம்ப்யூட்டரே ஓட்டுவது. அந்த உதவியாள் இல்லாவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். குறை என்றால் பளிச் பளிச்சென்று வெட்டும் திரை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடினால் எனக்குத் தலைவலி நிச்சயம். ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்கள் மின்டரின் எந்தக் கேமையும் தொட வேண்டாம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2024-ல் டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற கம்பெனி மின்டரின் 42 கேம்களைச் சேர்த்து, நடுநடுவே பேட்டி, பழைய துண்டறிக்கை என்று ஒரு அருங்காட்சியகம் மாதிரியே வெளியிட்டார்கள். எமுலேட்டரோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு அதுதான் சுலபம். நானும் வாங்கினேன். ஆனால் பழைய கேம்களை நினைத்த இடத்தில் சேமித்து வைத்துத் தொடரும் வசதி இருந்தால் கிரிட்ரன்னரில் கை தானாக அதற்குப் போய்விடுகிறது, போனதும் அந்த முளைகள்மீது இருந்த பயம் போய்விடுகிறது. அதனால் கிரிட்ரன்னருக்கு மட்டும் இன்னும் பழைய லேப்டாப்தான்.

ஹோவர் பாவரில் பையன் ஆறாவது புல்வெளி வரை போய்விட்டான். நான் நாலைத் தாண்டவில்லை. ஏணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.