மினிடேப்: பட்டறையின் தேவைக்குப் பொருந்துமா?

1972-இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் பிறந்த புள்ளியியல் மென்பொருளான மினிடேப்பை இன்று வாகன உதிரிபாக ஆலைகளின் தரப் பிரிவுகளில் பார்க்கலாம். வாங்குமுன் ஒரு கேள்வி: உங்களுக்கு வேண்டியது வாடிக்கையாளர் கேட்கும் சிபிகே (உற்பத்தி அளவு வரம்புக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் எண்) அறிக்கையா, கழிவைக் குறைப்பதா?

அறிக்கைதான் என்றால் மினிடேப்பின் ‘கேப்பபிலிட்டி சிக்ஸ்பேக்’ வசதி ஒரே பக்கத்தில் முடித்துவிடும். கழிவு என்றால் அளவுகருவியிலிருந்து தொடங்குங்கள். கருவியாலும் அளப்பவராலும் வரும் பிழையைக் கணக்கிடும் ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’ சோதனைக்கு 10 உதிரி, 3 ஆள், தலா 2 அல்லது 3 அளவு; வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். உதிரிகள் உற்பத்தியின் முழு வீச்சிலிருந்தும் வர வேண்டும். ஒரே மணி நேரத்துச் சரக்கில் பத்தை எடுத்தால் உதிரிகளுக்கிடையே வேறுபாடு குறைந்து, நல்ல மைக்ரோமீட்டரும் தோற்றுப்போகும்.

பலர் சறுக்குவது முடிவுப் பக்கத்தில். ‘கான்ட்ரிபியூஷன்’ (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில் அளவீட்டுப் பிழையின் பங்கு) 9% என்று பார்த்துத் தேறிவிட்டதாக நினைப்பார்கள், அதே தரவுக்கு ‘ஸ்டடி வேரியேஷன்’, அதாவது திட்ட விலக்கத்திலேயே பிழையின் பங்கு, 30% (0.3-இன் வர்க்கம் 0.09). 10-க்குக் கீழ் நன்று, 30-க்கு மேல் ஆகாது என்ற விதி இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான். டாலரன்ஸ் சதவீதம் (அனுமதித்த அளவு வரம்பில் அளவீட்டுப் பிழையின் பங்கு) வேண்டுமானால் ஆப்ஷன்ஸில் அளவு வரம்பை நீங்களே தர வேண்டும். தராவிட்டால் அந்த நெடுவரிசையே வராது.

அளவுகளை நேர வரிசையில் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் முதல் சோதனை (ஒரு புள்ளி கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டியதா என்பது) மட்டுமே தானாக இயங்கும். வெட்டுளி மெல்லத் தேய்வதை அது தாமதமாகவே காட்டும், மற்றவற்றையும் தேர்ந்தெடுங்கள். சிபிகே (குறுகிய கால மாறுபாட்டை வைத்துக் கணக்கிடுவது) 1.67, பிபிகே (மொத்த மாறுபாட்டை வைத்துக் கணக்கிடுவது) 1.1 என்று வந்தால் ஷிப்டுகளுக்கு இடையே சராசரி நகர்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டுச் சந்தா சிறு பட்டறைக்குச் சுமைதான். மாதம் ஓர் அறிக்கை போதுமென்றால், இலவசப் புள்ளியியல் நிரல்மொழியான ‘ஆர்’-இன் ‘கியூசிசி’ தொகுப்பே போதும், கட்டளை தட்டத் தெரிந்த ஆள் இருந்தால்.