நூக்சியோவா, ரெபோவேசியா?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கு வேலைக்கு வந்த நம் ஆட்கள் முதல் கோடையில் கேட்கிற கேள்வி: சனி, ஞாயிறு நண்பர்களோடு நூக்சியோ, ரெபோவேசி என்ற இரண்டு தேசியப் பூங்காக்களில் எந்தக் காட்டுக்குப் போகலாம்?

நூக்சியோ பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து நகரமான எஸ்பூ வரை ரயில், அங்கிருந்து பஸ்; கார் வேண்டாம். ஏரிகளைச் சுற்றி நடந்து, சாயங்காலமே வீடு திரும்பலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் வெயிலடிக்கும் ஞாயிறுகளில் நெருப்பு மூட்டிச் சமைக்கும் மேடைக்குக்கூட வரிசை நிற்கும்.

ரெபோவேசி கோவோலா நகரத்துப் பக்கம், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இரவு தங்கும் எண்ணம் இருந்தால் தயங்காமல் இங்கே போங்கள். லாப்பின்சால்மி தொங்குபாலம் நடக்க நடக்க லேசாக ஆடும், கீழே கறுப்பான ஏரித் தண்ணீர். சுமார் 5 கிலோமீட்டர் நரிச் சுற்றுப்பாதையில், கயிற்றை நாமே இழுத்து அக்கரை சேரும் சின்னத் தெப்பம் ஒன்றும் உண்டு. நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது வருகிற உற்சாகம் நூக்சியோவில் எனக்குக் கிடைத்ததில்லை. ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பேச்சு ஓயாது. அப்புறம், கொசு மருந்தை மறக்காதீர்கள்.

காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் நெருப்பு மூட்டக் கூடாது. புளூபெர்ரியை யாரும் பறிக்கலாம். குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வாருங்கள்.