இரண்டு மறுவருகைகள்: போவியா, ஆபாவா?

நெடுநாள் மௌனத்துக்குப் பின் வந்த பாப் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வாங்க நினைத்து, பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'தி நெக்ஸ்ட் டே'க்கும் (2013) சுவீடனின் ஆபா குழுவினரின் 'வோயேஜு'க்கும் (2021) இடையே தடுமாறுவோருக்காக இந்த ஒப்பீடு.

இடைவெளி: போவிக்குப் பத்தாண்டுகள், ஆபாவுக்கு நாற்பது.

நீளம்: போவியிடம் 14 பாடல்கள், ஏறத்தாழ 53 நிமிடங்கள், ஆபாவிடம் 10 பாடல்கள், 37 நிமிடங்கள்.

பழமையுடன் உறவு: இங்குதான் இரண்டும் உண்மையில் பிரிகின்றன. போவி, தம் 1977ஆம் ஆண்டு 'ஹீரோஸ்' ஆல்பத்தின் அட்டைப்படத்தையே எடுத்து, முகத்தின் மேல் வெள்ளைச் சதுரமொன்றை ஒட்டி மறைத்தார். நியூயார்க்கில் இரகசியமாகப் பதிவான பாடல்களிலும் அந்தக் குறும்பும் கூர்மையும் தெரிகின்றன. ஆபாவோ 1978இல் பதிவுசெய்த குரல்களைக் கொண்டே ஒரு பாடலை முடித்துச் சேர்த்தது.

குரல்: ஆபாவின் பாடகிகளான அக்னெத்தா, ஃப்ரீடா இருவரின் குரலும் தாழ்ந்திருக்கிறது, எனக்கு அது குறையாகப் படவில்லை. போவியின் குரலோ 'வேர் ஆர் வீ நவ்' பாடலில் வேண்டுமென்றே தளர்ந்து ஒலிக்கிறது.

பழைய மெட்டுகளின் இதத்தைக் குடும்பத்தோடு கேட்க விரும்புவோர் 'வோயேஜை' வாங்கலாம். தனியே அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை உடையவர்களுக்குப் போவியே பொருத்தம்.