எல்லை தாண்டிய சட்ட வகுப்பு: நேரலையா, பதிவா, பறந்து வரும் பேராசிரியரா?

"வெள்ளிக்கிழமை வரை இதே விலைக்குத் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த வியாபாரி புதன்கிழமையே பின்வாங்கலாமா? இங்கிலாந்துச் சட்டம் படித்தவர் "தாராளமாக" என்பார். மறுபயன், அதாவது பதிலுக்குப் பணமோ வேறு ஏதாவதோ, வாங்காமல் கொடுத்த வாக்கு அங்கே பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஜெர்மன் மாணவருக்கு இது அநியாயமாகப் படும். அவருடைய உரிமையியல் சட்டத் தொகுப்பின் 145-ஆம் பிரிவுப்படி, முன்மொழிந்தவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். நாடுகளுக்கிடையேயான வியாபாரத்துக்கான 1980-ஆம் ஆண்டின் வியன்னா சரக்கு விற்பனை உடன்படிக்கை சண்டையைத் தீர்த்ததா? அதன் 16-ஆவது உறுப்பு கெடுவைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கெடுவை ஒருவர் வாக்குறுதியாகப் படிக்கிறார், மற்றவர் வெறும் காலாவதித் தேதியாகப் படிக்கிறார்.

இதைப் பதிவு செய்த விரிவுரையில் கேட்டால், தேர்வுக்கு உதவும் ஒரு தகவல். இரு நாட்டு மாணவர்களைக் காணொளியில் இணைக்கும் நேரலை வகுப்பில், எதிர்த்திரையில் இருக்கும் சக மாணவர் அடித்துப் பேசும்போதுதான், நாம் நியாயம் என்று நினைத்திருந்தது நம் சட்டமுறை ஊட்டிய பழக்கம் என்று உறைக்கும். நேரலை ஜெயிப்பது இந்த ஓர் இடத்தில்தான். அதற்காகவே அது வேண்டும் என்பது என் கட்சி.

மற்றபடி பதிவுக்கே என் ஓட்டு. அந்நிய மொழியில் சட்டம் கேட்பவருக்கு நிறுத்தி, பின்னால் போய்க் கேட்கும் வசதி பெரிய வரம். நேரலையில் பேராசிரியர் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினால், அது தொடர்பு அறுந்து அறுந்து வரும் பதிவுதான், வேறென்ன?

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாங்டெல் 1870-களில் ஹார்வர்டில் புகுத்திய, ஆசிரியர் கேட்க மாணவர் பதில் சொல்லும் கேள்வி-பதில் முறை உடனடிப் பதிலை நம்பி நிற்பது. ஒலி ஒரு வழியில் போய்ச்சேர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் கூடக் கூட, எதிராளி யோசிக்கிறாரா, இணைப்பு போய்விட்டதா என்றே தெரியாது. இருவரும் சேர்ந்து பேச ஆரம்பித்து, சேர்ந்தே நிறுத்துவார்கள். பதில் சொல்ல வேண்டியவரின் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்டால் பாதித் தொல்லை குறையும்.

வகுப்பறைக்கு வகுப்பறை இணைப்பில் கடைசி வரிசைக்காரர் தபால்தலை அளவில்தான் தெரிவார். தனித்தனித் திரையில் முகம் தெரியும். ஆனால் பக்கத்து நண்பரோடு கிசுகிசுத்துச் சந்தேகம் தீர்க்கும் சுகம் போய்விடும். இரு நாட்டிலிருந்தும் இரண்டிரண்டு பேராகச் சிறு குழுக்கள் பிரித்தால் தனித்திரையே மேல்.

பறந்து வரும் பேராசிரியர்? வகுப்பு முடிந்து நடைவழியில் நிறுத்திக் கேட்கும் கேள்விக்கு அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அவரோடு அவருடைய மாணவர்கள் வருவதில்லை.

நேரலைதான் என்று முடிவெடுப்பவர்கள் மார்ச் மாதத்தைக் கவனியுங்கள். கோடைநேரத்துக்கு அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். நடுவில் நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் 6 மணி நேர இடைவெளி 5 ஆகிவிடும். ஒரு பக்கத்து மாணவர்கள் காலி திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரத்தையே மாற்றாத டோக்கியோவும் சேர்ந்தால், யாராவது ஒரு கூட்டம் ராத்திரி கண்விழிக்கத்தான் வேண்டும். அது எப்போதும் ஒரே கூட்டமாக இல்லாமல் முறை வைத்து மாற்றுங்கள்.