தாவல் கணக்கு: கிரீடி முறையா, டைனமிக் புரோகிராமிங்கா?

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஒசூருக்குச் செல்லும் பேருந்துப் பாதையைக் கற்பனை செய்யச் சொல்லி, ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் அதிகபட்சம் எத்தனை நிறுத்தங்கள் முன்னே தாவலாம் என்ற எண்களை ஓர் அணியாக எழுதி, கடைசி நிறுத்தத்தை அடையக் குறைந்தபட்சம் எத்தனை தாவல்கள் வேண்டும் என்று என் மாணவர்களிடம் கேட்பது வழக்கம்.

[3, 1, 4, 1, 1, 2] என்ற அணியில், முதல் எண் 3 என்பதற்காக மூன்று இடம் தாவினால் 1-இல் சிக்கி, மொத்தம் மூன்று தாவல்கள் ஆகின்றன. இரண்டு இடம் மட்டும் தாவி 4-இல் கால் வைத்தால் இரண்டே தாவல்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததைத் தேர்ந்துகொண்டே போகும் கிரீடி முறை என்பது கண்ணை மூடிக்கொண்டு நீளமாகத் தாவுவது அன்று. எட்டக்கூடிய இடங்களுள் எது நம்மை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் என்று பார்த்துத் தேர்வதே அதன் சரியான வடிவம். பலர் தவறுவது இங்கேதான்.

டைனமிக் புரோகிராமிங், ஒவ்வோர் இடத்துக்கும் முந்தைய இடங்களைச் சோதித்துக் குறைந்த விடையைக் குறித்துவைக்கிறது. விடை தவறாது; ஆனால் 1,00,000 உறுப்புகள் இருந்தால் ஒப்பீடுகள் ஏறத்தாழ 500 கோடி வரை போகலாம். கிரீடிக்கோ அணியை ஒருமுறை கடந்தாலே போதும் என்பதால், இந்தக் கணக்குக்கு அதையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எனினும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிக் கட்டணம் வைத்து மொத்தச் செலவைக் குறைக்கச் சொன்னால், தொலைவுக்குக் கொண்டுசெல்லும் நிறுத்தமே விலை மிகுந்ததாக இருக்கக்கூடும். கிரீடியின் அடிப்படை அங்கே உடைந்துவிடுகிறது. டைனமிக் புரோகிராமிங்கிலோ, தாவலுக்கு 1 கூட்டிய இடத்தில் கட்டணத்தைக் கூட்டினால் போதும்.